சிறுத்தைப் பல்லிக்கு ஒரு வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சுவர்ப்பல்லிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில்தான் இதைக் கேட்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். வெளிநாடு போன நண்பர் ஒருவர் தன் லெபர்ட் கெக்கோவை, அதுதான் சிறுத்தைப் பல்லியை, என் 13 வயது மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே இரண்டடி மீன் தொட்டி, அதற்குக் கண்ணாடி மூடி, மூடியில் ஒரு சிவப்பு பல்ப், அடியில் கடையில் வாங்கிய மணல். வந்து பத்து நாளாகிறது, இரண்டு பூச்சிதான் தின்றிருக்கிறது. பகல் முழுக்க மூலைக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. விரல்களில் உரிந்த தோல் சுற்றியிருக்கிறது. இணையத்தில் தேடினால் எல்லாரும் இன்னும் சூடு கொடுக்கச் சொல்கிறார்கள். மாமிக்கோ வீட்டுக்குள் பல்லி வளர்ப்பதே பிடிக்கவில்லை. இதை வைத்திருப்பது சரியா? வைத்தால் எப்படி வைப்பது?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண்ணாடி மூடியைக் கழற்றிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை போட்டால் போதும்.

இன்னும் சூடு கொடுக்கச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் குளிர்நாட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் அறை 18 பாகையில் இருக்கும். உங்கள் வீடு மத்தியானம் ஃபேன் போட்டும் 30, 31. இந்தப் பிராணிக்குத் தொட்டியின் ஒரு பக்கத் தரை 32, 33 பாகை, மறுபக்கம் 25, 26 பாகை என்று இருக்க வேண்டும். அதற்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது. இங்கே கொஞ்சம் காய்ந்து, அங்கே கொஞ்சம் ஆறி, தானே சமன் செய்துகொள்ளும். கொழும்பில் சூடான பக்கம் சும்மாவே கிடைத்துவிடும், குளிர்ந்த பக்கத்துக்குத்தான் பாடுபட வேண்டும். உங்கள் தொட்டியில் அந்தப் பக்கமே இல்லை. மூலையில் ஒட்டிக் கிடப்பது கூச்சத்தால் என்று நினைக்காதீர்கள். இருக்கிற இடத்தில் சூடு குறைந்த இடம் அதுதான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. விற்ற கடையில் இரவும் பகலும் பல்ப் எரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், நானும் எரித்தேன். பல்ப் அணைந்ததும் குளிரில் செத்துவிடும் என்று பயந்துபோனேன். இரவு மெழுகுதிரியோடு போய்ப் பார்த்தால், வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது தொட்டி நடுவில் நிற்கிறது. முன்னால் ஒரு கிரிக்கெட் பூச்சி. கழுத்தை நீட்டி, வால் நுனியை மட்டும் பாம்பு மாதிரி நெளித்தது. ஒரு பாய்ச்சல். பிறகு கண்ணை மூடி, நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டது. கண்ணை மூடி என்று எழுதியதைக் கவனித்தீர்களா? நம் சுவர்ப்பல்லிக்கு இமை இல்லை, இதற்கு உண்டு.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இரண்டு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, தொட்டியின் இரு முனையிலும் தரையில் வையுங்கள். சிவப்பு பல்பை எடுத்துவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் பல்லிக்குத் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. பகலில் மட்டும் ஒரு முனையில் சிறிய வெள்ளை ஹலோஜன் பல்ப் எரியட்டும், எத்தனை வாட் என்பதை வெப்பமானி சொல்லும். அதோடு சூடு கூடினால் பல்பைத் தானே கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் ஒன்று கட்டாயம், அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இரவில் எதுவும் வேண்டாம். கொழும்பு இரவு அதற்குத் தாராளம். யன்னல் வெயிலில் தொட்டியை வைக்கவே வேண்டாம். கண்ணாடி அதற்குப் பயன்படுகிற புற ஊதாக் கதிரைத் தடுத்துவிட்டுச் சூட்டை மட்டும் உள்ளே விடும். மேற்குச் சுவர் இல்லாத அறையில், முடிந்தால் சீமெந்துத் தரையை ஒட்டி வையுங்கள். மத்தியானம் மறுமுனை 28ஐத் தாண்டினால், ஐஸ் கட்டிய தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே சாத்திவைக்கலாம். இரண்டடித் தொட்டியில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது கஷ்டம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்றால் நிம்மதி. உயரம் முக்கியமில்லை.

மணலையும் அள்ளிவிடுங்கள். பாலைவனம் என்றால் மணல் என்று நாம் படம் பார்த்துப் பழகிவிட்டோம். இதன் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு. அங்கே அது வாழ்வது இறுகிய மண்ணும் கல்லும் புதருமான தரையில். தளர்ந்த மணலைப் பூச்சியோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கட்டிட வேலையில் மிஞ்சிய சொரசொரப்பான தரை ஓடு போதும். இப்போதைக்குச் சமையலறை டிஷ்யூ விரியுங்கள், எச்சம் கண்ணில் படும். அது பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும், அந்த ஒழுக்கம் என் பிள்ளைகளுக்கே இருக்கவில்லை.

ஒளியும் இடம் மூன்று வேண்டும்: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, ஈரமாக ஒன்று. முதல் இரண்டுக்கும் பழைய கூரை ஓட்டைக் கவிழ்த்தால் ஆயிற்று. மூன்றாவதுக்குப் பல்லி முழுதாக அடங்குகிற அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா எடுத்து, பக்கத்தில் வாசல் வெட்டி, அடியில் நனைத்துப் பிழிந்த தும்புத்தூள் போடுங்கள். காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிற ஊரில் தோல் ஏன் ஒட்டுகிறது என்று கேட்பீர்கள். பல்ப் எரியும்போது தொட்டிக் காற்று காய்ந்துவிடும், பட்டினி கிடக்கிற உடம்பும் தோலை ஒழுங்காக உரிக்காது. தன் சொந்த ஊரில் அது தோல் உரிக்க ஈரமான பொந்து தேடிப்போகும். இங்கே தொட்டி முழுவதையும் நனைத்தால் நெஞ்சில் சளிதான் பிடிக்கும். விரல்களை இன்றைக்கே பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விரல் நனையும் அளவு விட்டு, 15 நிமிடம் நிற்கவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். இழுக்க வேண்டாம். தோலை அப்படியே விட்டுவைத்தால் இரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும்.

தீனிக்கு வளர்ப்புக் கிரிக்கெட் பூச்சி, கல்சியம் தூள் தூவி. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், எந்த வீட்டில் மருந்து குடித்து வந்ததோ. நுளம்புத்திரியும் அந்த அறையில் வேண்டாம். டெங்குப் புகை அடிக்க வரும் நாளில் தொட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.

இடம் மாறிய பல்லி பத்து நாள் சரியாகத் தின்னாதது பெரிய விஷயமில்லை. கொழுப்பை வாலில்தான் சேர்த்துவைக்கும். வால் கழுத்தளவு தடிப்பாக இருந்தால் பொறுத்திருக்கலாம், மெலிந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள், நாய் பூனை பார்க்கிற எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து மகன் கொப்பியில் எழுதட்டும்.

வைத்திருப்பது சரியா என்றால், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வருகிற இனம் இது. தோட்டத்தில் விட்டால் பிழைக்காது, பிழைத்தால் நம் ஊர்ப் பிராணிகளுக்கு ஆபத்து. ஆகவே விடுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவர அனுமதி தேவை. நண்பரிடம் கடதாசி இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் பத்தரமுல்லையில் உள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தில் நேரே போய்க் கதைப்பது நல்லது.

மாமியிடம் ஒன்று சொல்லுங்கள். இதன் விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. சுவரேறாது, கூரைக்குப் போகாது. ஆகவே யார் தலையிலும் விழாது, பலன் பார்க்கப் பஞ்சாங்கம் தேடவும் தேவையில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்கிறார்களே, அதையும் சொல்லிப் பாருங்கள். என் அம்மா அதற்கும் மசியவில்லை, அது வேறு கதை.

நன்றாகப் பார்த்தால் இது 15, 20 வருடம் இருக்கும். மகன் கம்பஸ் போய், வேலைக்குப் போய், ஒருவேளை கனடாவுக்கும் போன பிறகு கிரிக்கெட் பூச்சி வாங்கப்போவது நீங்கள்தான். மகனோடு அதையும் பேசிவிடுங்கள். வெப்பமானி வாங்கியதும் மத்தியானம் இரண்டு மணிக்கு இரு முனையிலும் என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.