டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். துணைக்கு என் தாயார் மட்டுமே. இணையதளத்தைத் தன் சர்வரில் வைத்து இயக்கித் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மூன்று ஆண்டுகளுக்கு 14,000 ரூபாய் முன்பணம் கட்டி, டாட் காம் முகவரியோடு இணையதளம் தொடங்கினேன். தீபாவளிக்கு முன்பு பதினோரு நாள் தளம் முடங்கிவிட்டது. "சர்வர் பழுது, பேக்கப் (மாற்று நகல்) இல்லை, ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம்" என்கிறார்கள். வேறு நிறுவனத்துக்கு மாற முகவரியைக் கேட்டால் பதிலே இல்லை. வழக்குத் தொடுக்கலாமா? அடுத்து யாரை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, தீபாவளிச் சரக்கை அடுக்கி வைத்துவிட்டு ஆர்டர் வராமல் காத்திருந்த அந்தப் பதினோரு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது புரிகிறது. வழக்குத் தொடுக்கலாம். ஆனால் பணத்துக்கு முன்பு பெயரை மீட்டாக வேண்டும். தளத்தைப் புதிதாகக் கட்டிவிடலாம். வாடிக்கையாளர்கள் மனத்தில் பதிந்த முகவரி கைநழுவினால் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

டொமைன் பெயர்களை, அதாவது இணைய முகவரிகளை, நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியை இன்றே தேடுங்கள். பெயரைப் பதிந்து தந்த பதிவாளர் நிறுவனம் எது, காலாவதி எப்போது என்பவை தெரியும். சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் பெரிய பதிவாளரிடம் வாங்கி மறுவிற்பனை செய்பவை. எனவே அந்தப் பதிவாளருக்கே நேரடியாக எழுதுங்கள். பதிவு உங்கள் பெயரில் இருந்தால், கேட்ட ஐந்து நாட்களுக்குள், வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான மாற்றக் குறியீட்டைப் பதிவாளர் தர வேண்டும் என்பது ஐகேன் விதி. காலாவதித் தேதி நெருங்கியிருந்தால் தாமதிக்கவே வேண்டாம். டாட் காம் பெயர் நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் அவகாசம்தான். அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

நிறுவனம் தன் பெயரிலேயே பதிந்துகொண்டிருந்தால்? இந்த அநியாயத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். பணம் கட்டியவர் ஒருவர், பதிவில் இருப்பவர் இன்னொருவர். அப்போதும் வழி இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெயரில் வியாபாரம் செய்தது நீங்கள்தான் என்பதைக் காட்டும் பில்கள், சேலைப் பையில் அச்சிட்ட பெயர், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இனி நஷ்ட ஈடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. ஆனால் ஓர் இடறலை மறைக்காமல் சொல்கிறேன். வணிக நோக்கில் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்லர். பிழைப்புக்கான சுயதொழிலுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பழைய 1986 சட்டத்தில் அந்த விலக்கு பொருளுக்கும் சேவைக்கும் இருந்தது. புதிய சட்டத்தின் விளக்கத்தில் "பொருள்" மட்டுமே இருக்கிறது; நீங்கள் பெற்ற ஹோஸ்டிங்கோ சேவை. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். பரிவர்த்தனையின் முதன்மை நோக்கம் எது என்பதையே உச்ச நீதிமன்றம் பார்க்கிறது என்று நாம் வாதிடலாம். வெற்றி உறுதி என்று வாக்குத் தர மாட்டேன். அங்கு முடியாவிட்டால், ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கோர வழிசெய்யும் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டு அவகாசம்.

எதுவானாலும் முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் கெடுவோடு நோட்டீஸ் அனுப்புங்கள். "பேக்கப் இல்லை" என்று அவர்கள் அனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். இதை மறந்து பலர் நல்ல வழக்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

அடுத்த நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன்பு ஒப்பந்தத்தைப் படியுங்கள். "99.9 சதவீதம் இயங்கும்" என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் மட்டுமே நிற்கலாம் என்று பொருள். அதை மீறினால் என்ன தருவார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பதோடு பொறுப்பு முடிந்துவிடும். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற வரியையும் தேடுங்கள். வெகுதூர நகரம் என்று இருந்தால் உரிமையியல் வழக்குக்கு அங்கேதான் அலைய நேரும்.

பேக்கப் எங்கே வைக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே வளாகத்திலேயே இருந்து அழிந்தது. 2023இல் லில் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் இழந்த தரவு திரும்பவில்லை. எனவே மாதம் ஒருமுறையாவது சேலைப் படங்கள், வாடிக்கையாளர் பட்டியல் அனைத்தையும் உங்கள் கணினியிலும் எடுத்து வையுங்கள்.

டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்காமல், தனிப் பதிவாளரிடம் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் வாங்குங்கள். ஹோஸ்டிங்குக்கு முதல் ஆண்டு மாதச் சந்தாவே போதும். மூன்று ஆண்டுத் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

பதிவாளரிடமிருந்து வரும் பதிலையும் உங்கள் பழைய ஒப்பந்த நகலையும் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நோட்டீஸின் வாசகத்தை நானே பார்த்துத் தருகிறேன்.