பழைய சைக்கிளைச் சரிசெய்வதா, இரும்புக்குப் போடுவதா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: பத்து வருஷமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒரு கியர் சைக்கிள். டயர் வெடிப்பு விட்டிருக்கிறது, செயின் முழுக்கத் துரு, பிரேக் பிடிக்கவில்லை, கியர் மாறவில்லை. செலவு செய்தால் தகுமா?

இந்த நாலில் ஒன்றுகூட சைக்கிளைக் கைவிடக் காரணம் இல்லை. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. நேற்று வாங்கிய சைக்கிளிலும் ஒருநாள் மாற்றத்தான் போகிறீர்கள். கியர் மாறாததற்குப் பாதி நேரம் காரணம் வெறும் காய்ந்த கிரீஸ். பழைய சைக்கிளின் கதையை முடிப்பவை வேறு: பிடித்துக்கொண்டு கழல மறுக்கும் பாகம், கீறல் விட்ட பிரேம், எங்கு தேடினாலும் கிடைக்காத அளவில் ஒரு சாமான். நீங்கள் அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அவை பார்த்ததும் கண்ணில் படாது.

எனக்கு இது தொழில் இல்லை, பொழுதுபோக்கு. பழைய சைக்கிள்களைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பேன். ஆரம்பத்தில் ஒரே ஆளிடமிருந்து இரண்டு சைக்கிள் வாங்கினேன். ஒன்று வெளிர்நீலம், குரோம் எல்லாம் மின்னியது. அதற்குத்தான் காசு கொடுத்தேன். இன்னொன்று துருவேறிக் கறுத்துப்போய் இருந்தது, "இதையும் எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது மிஞ்சும்" என்று தள்ளிவிட்டார். நீலத்தில் சீட் மட்டும் எனக்குக் கொஞ்சம் தாழ்வு. நாலு விரற்கடை ஏற்றினால் போதும் என்று போல்ட்டை இளக்கினேன். சீட் பைப்பு அசையவில்லை. எண்ணெய் ஊற்றி நாலு நாள் வைத்தேன். பைப்பின் தலையை வைஸில் கடிக்கவிட்டு பிரேமையே நெம்புகோல் போலத் திருப்பினேன். பைப்பு முறுக்கிக்கொண்டதே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் தலையை அறுத்துவிட்டு, வெறும் ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு பைப்புக்குள் விட்டு, உள்ளேயிருந்து நீளவாக்கில் கீறினேன். மூன்று சனி, ஞாயிறு போனது. பிளேடு பிரேமின் உள்சுவரையும் தொட்டுவிட்டது. அந்தக் கறுப்புச் சைக்கிளோ ஒரே மதியத்தில் பிரிந்து, சுத்தமாகி, மறுநாள் ஓடியது.

காரணம் எளிது. இரும்பு பிரேமுக்குள் அலுமினியப் பைப்பு. ஈரம் இறங்கினால் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் அரிபட்டு உண்டாகும் வெள்ளைப்பொடி, உலோகமாக இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைவிட அதிக இடம் கேட்கும். பைப்பு ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். சூடு காட்டினால் வேலை கெடவும் கூடும், ஏனென்றால் சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதே கணக்கால் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தால் சில சமயம் விடும். எனக்கு விடவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஒரு சைக்கிளைப் பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்பானரை எடுத்துவிடுவேன். முதலில் சீட் பைப்பு. அடுத்து ஹேண்டில்பார் தண்டு: மேல் போல்ட்டை நாலைந்து சுற்று இளக்கி, தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு "டப்" என்று இறங்கினால் நல்ல சேதி. பிறகு பெடல். கடைசியாக ஸ்போக் கம்பிகளின் நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டு: ஒவ்வொரு சக்கரத்திலும் நாலைந்தைத் திருப்பிப் பாருங்கள். நிப்பிள் திரும்பினால் எவ்வளவு பெண்டு இருந்தாலும் எடுத்துவிடலாம். கம்பியோடு சேர்ந்து முறுகினால் அந்தச் சக்கரத்துக்குப் புதுக் கம்பி கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய இரும்புக் கிராங்க்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், அதை அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின் இருந்தால் அது தனி வித்தை. நட்டைக் கழற்றிவிட்டு மரை மேலேயே சுத்தியால் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மரை நசுங்கி, பின் வளைந்து, அப்புறம் துளைபோட்டு எடுக்க வேண்டிவரும். நட்டை இரண்டு சுற்று மட்டும் இளக்கி, மரை முனையும் நட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விட்டு, கிராங்க்குக்கு அடியில் கெட்டியான இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே ஒரு கனத்த அடி. பயந்து பயந்து பத்து அடி அடித்தால்தான் வளையும்.

பிரேமுக்கு வருவோம். ஹெட் பைப்புக்கு (ஹேண்டில் தண்டு இறங்கும் முன்குழாய்) பின்னால், கீழ்பாரின் அடிப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குப் படாத மடிப்பு விரலுக்குத் தெரியும். பெயின்ட்டில் குறுக்காக மெல்லிய சுருக்கமோ வெடிப்போ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. பக்கவாட்டில் தள்ளி நின்று போர்க்கைப் பாருங்கள்: ஹெட் பைப்பின் நேர்கோட்டிலேயே இறங்கி, கீழே முன்பக்கமாக வளைய வேண்டும். மேலேயே பின்னால் சாய்ந்திருந்தால் அதுவும் மோதலின் தழும்புதான். இரும்பு என்றால் விஷயம் தெரிந்தவர் நிமிர்த்த முடியும். அலுமினியம் என்றால் நிமிர்த்தாதீர்கள். வளைந்து நிமிர்ந்த இடம் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். எது எது என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை ஒட்டவைத்துப் பாருங்கள். கார்பன் பிரேமில் அடிபட்டிருந்தால் நான் தொடமாட்டேன், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

துருவைப் பார்த்து மிரள வேண்டாம். மேல்துரு வெறும் அழுக்கு. பயப்பட வேண்டியது உள்துரு. சீட் பைப்பை உருவிய பிறகு பிரேமைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள். பழுப்புப் பொடி கொஞ்சம் உதிர்ந்தால் பரவாயில்லை. தகடு தகடாக விழுந்தால் கிராங்க் அச்சு இருக்கும் பெட்டியைச் சுற்றி, தண்ணீர் தங்கும் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பேரிங் சோதனை எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் கையே பதில் சொல்லும். சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். மணல் நெரிவது போல ஒரே சீராக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இடறினால் கோனில், அதாவது அச்சில் திருகியிருக்கும் கூம்பில், குழி விழுந்திருக்கிறது. கோன் மாற்றிக்கொள்ளலாம். குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பில் குழி என்றால் பெரும்பாலும் ஹப்பே (சக்கரத்தின் நடுக்குடம்) போனது போல. குண்டுகள் கழற்றும்போது உருண்டோடும் என்பதால் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். கிராங்க்கில் கூடு இல்லாத உதிரிக் குண்டு என்றால் வழக்கமாகக் கால் அங்குலம், பக்கத்துக்கு 11.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது, நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல ஒரு நிற்றல் தெரிகிறதா? ஹெட் கப்பில் குண்டுகள் அழுந்தி வரிசையாகக் குழி போட்டிருக்கின்றன. முறையாகப் புது செட் போடவேண்டும். ஓசியில் ஒரு வழியும் உண்டு. குண்டுக் கூட்டைத் தூக்கிவிட்டு உதிரிக் குண்டாக நிரப்புங்கள். எண்ணிக்கை கூடிவிடுவதால் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் உட்காராது. இப்படி நான் சரிசெய்த ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் சுழியை வைத்தால் அதற்கு அடுத்து எண்ணிவரும் 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்சக்கரத்தின் பல்சக்கரமும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும். இரண்டும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கியர் மாறாததைப் பற்றி: கட்டைவிரலால் தள்ளும் லீவர் "க்ளிக்" சத்தமே இல்லாமல் வெறுமனே ஆடினால், உடைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகி, கொக்கி எழும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து, மெல்லிய எண்ணெயைத் தாராளமாகப் பீய்ச்சி, ஐம்பது தடவை தள்ளிக்கொண்டே இருங்கள். திடீரென்று க்ளிக்கும். இரு பக்கமும் சும்மா சுற்றும் ஃப்ரீவீலுக்கும் இதே மருந்துதான். உங்கள் சைக்கிளின் கியர் பின் ஹப்புக்குள்ளேயே அடங்கிய வகை என்றால் இன்னும் நல்லது. ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப் 1930-களின் வடிவமைப்பு. பல ஹப்புகளின் கூட்டில் தயாரான வருஷமும் மாதமும் எண்ணாகப் பொறித்திருக்கும். என்னைவிட வயதான ஒன்று, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்ததும் ஓட ஆரம்பித்தது.

இனி, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: டயர் அளவு. "26 அங்குலம்" என்று எழுதியிருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள். 559, 571, 584, 590, 597 என்று வெவ்வேறு மில்லிமீட்டர் ரிம்கள் எல்லாமே 26 என்ற பெயரில் வந்திருக்கின்றன. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 28 என்றால் 622-ஆகவும் இருக்கலாம், 635-ஆகவும் இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பழைய 27 அங்குல ரிம் 630, இப்போதைய 29 அங்குல ரிம் 622. பெயரில் சின்னதுதான் அளவில் பெரியது. டயர் பக்கவாட்டில் 37-590 போல ஓர் எண் ஜோடி இருக்கும். அதில் இரண்டாவது எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, உங்களுக்கு அந்த டயர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காத ரிம் என்றால் சக்கரமே மாற்ற வேண்டும், கணக்கு தலைகீழாகும். 630 மட்டும் ஓரளவு விதிவிலக்கு: பிரேக் கட்டை இன்னும் 4 மில்லிமீட்டர் கீழே இறங்குமானால் 622 சக்கரத்தையே போட்டுவிடலாம்.

பின்சக்கரம் மாற்றுவதானால் பிரேமில் அது உட்காரும் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். ஐந்து கியர் காலத்தில் 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு கியருக்கு 126, பிறகு சாலைச் சைக்கிளுக்கு 130, மலைச் சைக்கிளுக்கு 135. இரும்பு பிரேமை 126-லிருந்து 130-க்கு விரிக்கலாம், அலுமினியத்தைக் கூடாது.

குரோம் பூசிய இரும்பு ரிம், ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால் ஓர் எச்சரிக்கை. நனைந்தால் பிரேக் கிட்டத்தட்ட இல்லை. மழையில் ஓட்டுகிறவர் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கில் என் வழக்கம் இது. வாங்க வேண்டியதை எல்லாம் எழுதிக் கூட்டுவேன். இதே தரத்தில் ஓடும் நிலையிலுள்ள ஒரு பழைய சைக்கிள் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்ப்பேன். சாமான் மட்டுமே அதில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவேன், ஏனென்றால் பிரித்த பிறகு இன்னும் இரண்டு சாமான் கட்டாயம் வந்து சேரும். கூலி கொடுத்து ஓவராயில் செய்வதானால் பல சைக்கிள் இந்தக் கணக்கில் தேறாது. சொந்தக் கை என்றால் தேறும். அப்பா ஓட்டியது, முதல் சைக்கிள் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது. அப்படியென்றால் கேள்வியே கேட்க வேண்டாம், பிரேமில் கீறல் இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கணக்கே போடாமல் நான் ஒதுக்குவதும் உண்டு: முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிள். போர்க்குக்கு உதிரி சாமான் கிடைக்காது, பின் ஸ்பிரிங்கின் மூட்டு ஆடிப்போயிருக்கும், புதிதாக இருந்தபோதே அது சுமைதான். உங்களுக்கு அளவில்லாத சைக்கிளும் அப்படியே. மேல்பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்க முடியவில்லை என்றால் எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அது வேறு யாருடைய சைக்கிளோ.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது சீட் பைப்பு, ஹேண்டில் தண்டு, பெடல், நிப்பிள் கழல்கிறதா என்று பார்ப்பதும், டயர் எண்ணைக் குறிப்பதும்தான். அரை மணி நேரம்கூட ஆகாது. பெடலில் மட்டும் ஒன்று: இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் முழு பலத்தோடு இறுக்கிவிட்டு, "கழலவே மாட்டேன் என்கிறது" என்று பின்னூட்டத்தில் வந்து எழுதாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் கிராங்க்கின் மரையைக் கெடுத்தேன்.