நிழலிட வேண்டியது எந்தப் பக்கம்?

கேள்வி: எக்ஸ் − 2ஒய் < 4 என்ற அசமன்பாட்டின் தீர்வை வரைபடத்தில் காட்டும்போது, அதில் ‘<’ குறி இருப்பதால் கோட்டுக்குக் கீழே நிழலிட்டேன். விடை தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: ‘சிறியது என்றால் கீழே, பெரியது என்றால் மேலே’ என்பது, ஒய் இடப்பக்கம் தனியாக நிற்கும்போது மட்டுமே செல்லும். இங்கே ஒய்-க்கு முன்னால் −2 இருக்கிறது. எக்ஸை வலப்பக்கம் கொண்டுபோனால் −2ஒய் < 4 − எக்ஸ். அடுத்து −2ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பிவிடும். கிடைப்பது ஒய் > எக்ஸ்/2 − 2. ஆகவே நிழல் மேலே.

இந்தத் திருப்பத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பதால், வகுக்கவே வேண்டாம் என்பது எங்கள் யோசனை. எக்ஸ் − 2ஒய் = 4 என்ற கோட்டை (4, 0), (0, −2) வழியாக வரையுங்கள். பிறகு ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)ஐ, அசமன்பாட்டில் போடுங்கள்: 0 < 4, உண்மை. ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே தீர்வு. பொய்யாக வந்தால் எதிர்ப்பக்கம். ஒய் ≥ 3எக்ஸ் போலக் கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அப்போது (1, 0) போன்ற வேறு புள்ளியை எடுங்கள். 0 ≥ 3 பொய். எனவே (1, 0) இல்லாத பக்கத்துக்கு நிழல்.

கேள்வி: எக்ஸ் + ஒய் ≤ 6, 2எக்ஸ் − ஒய் < 3 ஆகிய இரண்டின் கோடுகளும் (3, 3)இல் வெட்டுகின்றன. அந்தப் புள்ளி தீர்வில் சேருமா?

பதில்: சேராது. முதலாவதில் 6 ≤ 6, சரி. இரண்டாவதில் 3 < 3, பொய். ஒரு புள்ளி எல்லா அசமன்பாடுகளையும் நிறைவு செய்தால்தான் தீர்வு. அதனால் ‘≤’ உள்ள முதல் கோட்டை முழுக்கோடாகவும், ‘<’ உள்ள இரண்டாவதை இடைவெளி விட்ட கோடாகவும் வரைந்து, (3, 3)இல் உள்ளே நிரப்பாத சிறு வட்டம் போடுங்கள்.

கேள்வி: 3எக்ஸ் + 2ஒய் ≤ 12, எக்ஸ் + 3ஒய் ≤ 9. வரைபடத்தில் வெட்டும் புள்ளி (2.5, 2.2) என்று தெரிந்தது. அப்படியே எழுதலாமா?

பதில்: கூடாது. அதை இரண்டாவதில் போட்டுப் பாருங்கள்: 2.5 + 6.6 = 9.1. தீர்வுப் பகுதிக்கே வெளியே போய்விட்டது! கண்ணால் பார்ப்பது எந்தக் கோடுகள் வெட்டுகின்றன என்று அறிய மட்டுமே. புள்ளியைச் சமன்பாடுகளைத் தீர்த்துத்தான் எடுக்க வேண்டும்: எக்ஸ் = 9 − 3ஒய் என்று முதலாவதில் பிரதியிட்டால் 27 − 7ஒய் = 12. ஒய் = 15/7, எக்ஸ் = 18/7.

கேள்வி: நான்கைந்து அசமன்பாடுகள் வந்தால் நிழல்மேல் நிழல் விழுந்து எதுவும் புரிவதில்லை.

பதில்: வேண்டாத பக்கத்துக்கு நிழலிடுங்கள். கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதே தீர்வுப் பகுதி. எதை நிழலிட்டிருக்கிறீர்கள் என்று படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்துபவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். எக்ஸ் + ஒய் ≥ 5, எக்ஸ் + ஒய் ≤ 2 போன்ற இணைகோடுகளில் வெள்ளையே மிஞ்சாது. அது பிழையல்ல, ‘தீர்வு இல்லை’ என்பதே விடை.