பதில்: விளிம்பில் பெயர் செதுக்கிய கிரிமியப் பதக்கம்

வணக்கம். நீங்கள் வாங்க நினைக்கும் கிரிமியப் போர்ப் பதக்கத்தில் ஆல்மா, இங்கர்மன் என இரண்டு பட்டைகள் (ரிப்பனில் கோக்கும், போரின் பெயர் பொறித்த உலோகத் துண்டுகள்), விளிம்பில் ஒரு கேப்டனின் பெயர் கையால் செதுக்கியது. போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். 1853–56 கிரிமியப் போரில் பங்கேற்றவர்களுக்கு பிரிட்டன் தந்த இந்த வெள்ளிப் பதக்கம் பெயரில்லாமலே வழங்கப்பட்டது. பல அதிகாரிகள் நகைக்கடையில் கொடுத்துப் பெயர் செதுக்கிக்கொண்டார்கள்.

பயப்பட வேண்டியது, பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போட்டதற்குத்தான். வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை ஏழெட்டு திசைகளில் அளந்து பாருங்கள். 36 மி.மீ. அளவில் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் அங்கே அரம் பட்டிருக்கிறது.

இங்கர்மன் பட்டைக்குத் தகுதி பெற்றவருக்கு செபாஸ்டபோல் பட்டையும் தானாகவே உண்டு. நீங்கள் பார்த்த பதக்கத்தில் அது இல்லை. ஆனால் அது பின்னால் தனியாக அனுப்பப்பட்டது, கோக்காமலே விட்டவர்கள் உண்டு. குறையை ஈடுகட்ட இப்போது ஒன்றை வாங்கி மாட்டிவிடாதீர்கள், அது வரலாற்றைக் கெடுப்பது.

பணம் கொடுக்கும் முன் லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 (பிரிட்டிஷ் போர் அலுவலக ஆவணத் தொகுதி) பதக்கப் பட்டியலில் அவர் பெயரையும் ரெஜிமெண்டையும் ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பெயர்களைத் தொகுத்த ஹார்ட் ராணுவப் பட்டியலில் அதிகாரிகளின் போர்ச்சேவைக் குறிப்பும் கிடைக்கும். வெள்ளியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, பி.வி.சி. உறையிலும் வைக்காதீர்கள்.