நகையை அடகு வைக்கும் முன் மகளின் நோட்டைப் பாருங்கள்

அம்மா, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் மகள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் படிப்புதான் வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலுக்கு இடம் பேசிவிட்டார். முன்பணம் அவருடையது, மீதிக்கு உங்கள் நகையும் கல்விக்கடனும். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். தாய்மாமன் முறைக்கு முன்பணம் கட்டுவார். படிப்பு முடிந்த பிறகு மாதாமாதம் தவணை கட்டப்போவது அந்தப் பெண். விருப்பமில்லாத படிப்பில் பாடங்களை நிலுவை வைத்துக்கொண்டு கடனையும் சுமக்கும் பிள்ளைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் குறையாக எழுதிய பகுதி: பக்கத்து வீட்டுச் சிறுவனோடு அவள் நேரத்தை வீணாக்குகிறாள் என்பது. பேச்சு வராத அந்த ஆறு வயதுப் பையன் திடீர் திடீரென்று சுவரில் தலையை மோதிக்கொள்வதைப் பிடிவாதம் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். உங்கள் மகளோ, அது எப்போது நடக்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்து, மிக்சி ஓடத் தொடங்கும் நொடிதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதன் பிறகு மிக்சியைப் போடுவதற்கு முன் ஜாரை அவனிடம் காட்டிவிட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். இப்போது ஜாரைப் பார்த்ததும் அவனே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறான். முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதும் இந்தக் கவனிப்புதான் நடத்தைப் பயிற்சித் துறையின் அடிப்படை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்த பெண்ணை வேறு படிப்புக்குத் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, வழி. ஆட்டிசம் மையங்கள் "பிஹேவியர் தெரபிஸ்ட் தேவை", அதாவது நடத்தைப் பயிற்சியாளர் தேவை, என்று விளம்பரம் செய்கின்றன. ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் வல்லுநர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் அந்தப் பெயரில் தனிப் பிரிவு கிடையாது. சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்ற பிரிவுகள்தாம் உள்ளன. ஆகவே முதலில் இவற்றுள் ஒன்றில் பதிவு பெற்று, அதன் மேல் நடத்தைப் பயிற்சியில் தேர்ச்சி பெறுவதே உறுதியான பாதை. வெறும் உளவியல் பட்டம் இந்தப் பதிவைத் தராது என்பதைப் பலர் மூன்றாண்டு படித்து முடித்த பிறகே அறிகிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது, கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் படித்தவரும் சேரலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் மத்திய அரசுடையது. சிறப்புக் கல்விப் படிப்புகளோடு, குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவுகளும் அதே வளாகத்தில் இருக்கின்றன. வகுப்பில் படித்ததை அன்றே ஒரு குழந்தையிடம் பார்க்கும் வாய்ப்பு எல்லாக் கல்லூரியிலும் அமையாது. தனி மனிதருக்கான கற்பித்தல் திட்டம் எழுதுவது, சிறு படிகளாகப் பிரித்துப் பல் துலக்கக் கற்றுத்தருவது, படஅட்டை வழியாகத் "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கப் பழக்குவது, பெற்றோருக்கு அதையே சொல்லித்தருவது என்று கைவேலையாகவே போகும் படிப்பு இது. முடித்ததும் பதிவு எண் கிடைக்கும். தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்து அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டப்படிப்பை வேலையில் இருந்தபடியே தொடரலாம்.

ஒரு மையத்தின் ஆள்தேர்வுக்கு நான் துணையாக அமர்ந்திருக்கிறேன். வந்தவர்களில் பெரும்பாலோரிடம் சான்றிதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன, பதிவு எண் இல்லை. ஒரு குழந்தை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, "அதட்டுவேன்" என்றவர்களே அதிகம். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டவரைத்தான் எடுத்தோம். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது, கை அசைவதை அடக்குவது போன்ற பழைய முறைகளை ஆட்டிசம் உள்ள பெரியவர்களே கடுமையாக எதிர்த்து எழுதி வருகிறார்கள். அதைப் படித்தவரை விரும்பும் மையமே நல்ல மையம்.

நாற்பது மணி நேர இணையப் பயிற்சி, அமெரிக்கச் சான்றிதழ் என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் அந்த அமெரிக்க வாரியம் 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை.

தொடக்கச் சம்பளம் குறைவு, உடல் அலுப்பு அதிகம். இதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாமல் தொடங்குபவருக்குக் குறைந்த சம்பளம் ஒரு பருவம். கடனோடு தொடங்குபவருக்கு அது பொறி. தேவையும் குறையப்போவதில்லை: 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று, பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் உத்தரவிட்டிருக்கிறது. பணியிடங்கள் நிரம்பும் வேகம் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, அது வேறு கதை.

விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறப்புப் பள்ளி ஒன்றில் அவள் மூன்று வாரம் தன்னார்வலராக இருக்கட்டும். நாள் முழுவதும் எச்சில் துடைத்து, ஒரே அட்டையை ஐம்பது முறை காட்டிவிட்டு வந்த பின்னும் அந்த நோட்டை எடுத்து எழுதுகிறாளா என்று பாருங்கள். உங்கள் அண்ணனிடம் நான் பேசுகிறேன். திங்கட்கிழமை வங்கிக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள், போக வேண்டாம்.