விசாவுல லண்டன் வர்றோம், ரெண்டு பேருக்கும் வேலை. 10 மாசக் குழந்தைக்கு நர்சரி வாரத்துக்கு 30 மணி நேரம் ஃப்ரீயா கிடைக்குமா?

கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசா, நீங்க டிபெண்டன்ட்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா இப்போதைக்குக் கிடைக்காதுங்க. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எங்களுக்கு யாரும் சொல்லல.

நாங்களும் 2018-ல இதே மாதிரி வேலை விசாவுலதான் வந்தோம், அப்போ அதுக்கு டயர் 2-ன்னு பேரு. பையன் 2020 மார்ச்ல பொறந்தான், அம்மா ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் பாத்துக்கிட்டாங்க, அவங்க கிளம்பினதும் நான் வேலையை வாரத்துக்கு மூணு நாளா குறைச்சுக்கிட்டேன், மூணு வயசாயிட்டா 30 மணி நேரம் வந்துடும், அப்புறம் முழுநேரம் போயிடலாம்னு ஒரே நம்பிக்கை. அப்ளிகேஷன் போட உக்காந்தப்பதான் தெரிஞ்சது, அப்பா அம்மாவுல ஒருத்தருக்காவது பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவிகள், வாங்க அனுமதி இருக்கணும், எங்க விசாவுல அது இல்லைன்னே போட்டிருக்கு. ரெண்டு பேரும் வரி கட்டறோம், நேஷனல் இன்சூரன்ஸ் பிடிக்கறாங்க, விசாவுக்காகக் கட்டற ஹெல்த் சர்சார்ஜ் வேற தனி. அதே வேலை பாக்கற பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உண்டு, நமக்கு இல்லைன்னா எப்படி இருக்கும்? எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

2023 கடைசியில ஐ.எல்.ஆர், அதாவது இங்க நிரந்தரமா தங்கற அனுமதி, வந்தது, பப்ளிக் ஃபண்ட்ஸ் தடையும் போச்சு. 2024 அக்டோபர்ல பொண்ணு பொறந்தா. 2025 செப்டம்பர்ல இருந்து இங்கிலாந்துல 9 மாசக் குழந்தைக்கே 30 மணி நேரம்னு ஆயிடுச்சு, அதனால இந்த தடவை கவலையே இல்லைன்னு இருந்தேன். ஆனா தேதியில கோட்டை விட்டேன். குழந்தைக்கு 9 மாசம் ஆன உடனே ஆரம்பிக்காது, அதுக்கு அடுத்த டெர்ம்லதான், அதாவது செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல். டெர்ம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, அப்ளிகேஷன் போட்டா கிடைக்கற தகுதிக் கோட் கையில இருக்கணும். இவளுக்கு ஜூலையிலேயே 9 மாசம் முடிஞ்சது, நான் வீடு மாத்தற அலைச்சல்ல அப்ளிகேஷன தள்ளிப் போட்டு செப்டம்பர் 3-ந் தேதி போட்டேன். நர்சரி மேனேஜர் கோட்ல இருந்த தேதிய விரல் வச்சு காட்டி, "ஆகஸ்ட் 31-க்குள்ள இருந்திருக்கணும்மா, இனி ஜனவரிதான்"னு சொன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல. நாலு மாசமும் முழு ஃபீஸ், மாசம் 1,600 பவுண்டுக்கு மேல. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற மூணு குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கணும்னு இங்க சட்டம், அதான் கைக்குழந்தைக்கு இவ்வளவு ஆகுது.

அந்த நாலு மாசம் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர்தான் கொஞ்சம் கைகொடுத்தது. ஆன்லைன் அக்கவுண்ட்ல நீங்க 8 பவுண்டு போட்டா கவர்மெண்ட் 2 பவுண்டு சேர்க்கும், ஒரு குழந்தைக்கு மூணு மாசத்துக்கு 500 வரைக்கும். இதுக்கும் அதே விசா கண்டிஷன்தான். 30 மணி நேரம், இது ரெண்டுக்குமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆன்லைன் அக்கவுண்டுக்குள்ள போய் ரீகன்ஃபர்ம் பண்ணணும். ரெண்டு பேருமே வாரம் 16 மணி நேரம் மினிமம் வேஜுக்கு சமமாவது சம்பாதிக்கணும், ஒருத்தர் வருமானம் மட்டும் 1,00,000 பவுண்டை தாண்டினாலும் போச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கு 99,000 வாங்கினா உண்டு, ஒருத்தர் 1,01,000 இன்னொருத்தர் 20,000-ன்னா கிடையாது! பென்ஷன்ல கூடுதலா போட்டா அந்த கணக்கு இறங்கும், நிறைய பேர் அப்படித்தான் சமாளிக்கறாங்க.

இன்னொண்ணு, 30 மணி நேரம்ங்கறது வருஷத்துக்கு 38 வாரம்தான். வருஷம் முழுக்க பரப்பிப் போட்டா வாரம் கிட்டத்தட்ட 22 மணி நேரம்தான் வரும், சாப்பாடு டயப்பர் செலவு வேற தனியா கேப்பாங்க. பின்னாடி உங்களுக்குத் தகுதி வந்தாலும் ஜீரோ பில்னு நினைச்சு பட்ஜெட் போட்டுடாதீங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். வாடகை வீடு பாக்கும்போதே நர்சரி முழு ஃபீஸும் நம்ம கையில இருந்துதான்னு வச்சு கணக்கு போடுங்க, அந்த ஏரியா சைல்ட்மைண்டர் (தன் வீட்டுல வச்சே குழந்தைகளைப் பாத்துக்கறவங்க) யாராவது கம்மியா வாங்கறாங்களான்னும் விசாரிங்க. குழந்தைக்கு மூணு வயசு முடிஞ்சு அடுத்த டெர்ம்ல இருந்து வாரம் 15 மணி நேரம் எல்லா குழந்தைக்கும் உண்டு, அதுக்கு அப்பா அம்மா விசா பாக்கறதில்ல, எங்க பையனும் அதுலதான் போனான். அதுக்கு கோட் எதுவும் வேண்டாம், குழந்தையோட பாஸ்போர்ட்ட எடுத்துட்டு நர்சரிக்கே நேரா போய் கேளுங்க.