கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் அந்தப் படங்களை ஏன் பார்க்கிறேன்?

கேள்வி இதுதான்: பழைய துப்பறியும் படங்கள் சொற்பச் செலவில் எடுத்தவை, நாலு சுவருக்குள் முடிந்துவிடுபவை. மர்மம் ஒரு தடவை உடைந்த பிறகும் சிலர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

அந்தச் சிலரில் நானும் ஒருவன். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகை ஆபரேட்டர் ஒரு நாள் செய்த தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுடையது தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கடலைக்காய் பிடுங்கி முடிந்த மேட்டு நிலத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்டம். அதற்கு முன்னால் ஓட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் கத்தினால் மேட்டைக் கலைப்பார்கள், விளக்கு அணைந்ததும் மறுபடி குவித்துக்கொள்வார்கள்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டை ஒட்டி ஓட்டினாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அடுத்ததை மாட்டியாக வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகளுக்குக் குறையாது. சண்டைப் படமென்றால் அந்த நிறுத்தம் பெரிய எரிச்சல். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றுவிடும். துப்பறியும் படமென்றால் பாதிப் படம் அந்த நிறுத்தத்தில்தான் நடக்கும். விளக்கு எரிந்த மறு நொடியே ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிடும். “கணக்குப்பிள்ளைதான் கொன்றிருக்கிறான்”, “இல்லையப்பா, அந்த வேலைக்காரி விழிக்கிற விழியைப் பார்” என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு. ஒரு கோலி சோடா பந்தயம்.

அன்றைய படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொலையாளியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஒரு பணக்காரர் இறந்துகிடக்கிறார். வீட்டில் ஏழெட்டுப் பேர். இரண்டாவது இடைவேளையில், என் ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே, செத்தவரின் நண்பனாக வந்தவனைக் காட்டிச் சொன்னாள்: “துக்க வீட்டுக்கு வந்தவன் தலையை எப்படிப் படிய வாரியிருக்கிறான் பார். சேதி கேட்டு ஓடி வந்தவன் தலையா இது?” நாங்கள் சிரித்தோம். கதாநாயகன் கூடத்தான் தலை வாரியிருக்கிறான், சினிமா என்றால் வாரத்தான் வாருவார்கள் என்றேன். ஆயா எனக்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்து ஓடியது கடைசிச் சுருள். ஆபரேட்டர் அண்ணன் பெட்டியை மாற்றி எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ஒட்டுத் தாடியைப் பிய்த்து எறிகிறார், கதாநாயகன் பேசுகிறான், ஆயா சொன்ன அதே படிய வாரிய தலைக்குக் கீழே கைவிலங்கு. எங்களுக்குச் சற்றுக் குழப்பமாக இருந்தாலும் படம் வேகமாகப் போகிறது என்று நினைத்தோம். ‘சுபம்’ என்று போட்டபோதுதான் கொட்டகை முழுவதும் விழித்துக்கொண்டது. கூச்சல், விசில், திரையை நோக்கி மணல். முதலாளி டார்ச் லைட்டோடு வந்து கும்பிட்டு, விட்டுப்போன சுருளை இப்போது ஓட்டுகிறோம் என்றார். காசைத் திருப்பிக் கொடு என்று கத்தியவர்களும் எழுந்து போகவில்லை.

அந்த இருபது நிமிடத்தைப் போல ஒரு சினிமாவை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. இருநூறு முந்நூறு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் விதவைக்கு ஆறுதல் சொல்கிறான். அவளுக்கு மயக்கம் வருகிறது. அவன் சமையலறைக்குள் போய், எந்தத் தட்டையும் துழாவாமல், நேராகக் குடத்துக்குப் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு வருகிறான். “இந்த வீட்டுக்கே இன்றுதான் வருகிறேன் என்றானே!” என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒருவர் கத்தினார். கொட்டகையே கை தட்டியது. முறைப்படி சுருள் ஓடியிருந்தால் அந்தச் சொம்பை யார் கவனித்திருப்பார்கள்? நாங்கள் வேலைக்காரியின் விழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

என் ருசி அன்றைக்கே முடிவாகிவிட்டது. யார் கொன்றது என்பது முதல் தடவை பார்ப்பவருக்கான தீனி. ஒருவன் எப்படிப் பொய் சொல்கிறான், எந்த இடத்தில் கை தவறுகிறான் என்பதை இரண்டாம் தடவைதான் நிதானமாகப் பார்க்க முடியும். செலவில்லாத படம் இதற்கு வசதியானது. காட்ட அதனிடம் வேறென்ன இருக்கிறது? ஒரு கூடம், ஒரு மாடிப்படி, ஏழு முகங்கள். கேமராவுக்குப் போக்கிடம் இல்லாததால் முகத்திலேயே நிற்கிறது. விளக்கைக் குறைத்தால் செட்டின் வறுமையும் மறையும், பயமும் கூடும்.

எஸ். பாலச்சந்தர் 1954-இல் இயக்கிய ‘அந்த நாள்’ இதற்கெல்லாம் உச்சம் என்பது என் கட்சி. தயாரித்த ஏவி.எம். ஏழை நிறுவனமல்ல, அதனால் அதைச் சில்லறைச் செலவுப் படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுமானம் சிக்கனம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில்! 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், உடன்பிறந்தவன், அவன் மனைவி, ஒரு நடனக்காரி, செத்தவனின் மனைவி என்று ஒவ்வொருவராகப் பேச, ஒவ்வொரு பேச்சும் இன்னொருவர் மேல் விரலை நீட்டுகிறது. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வந்து அத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிவு தெரிந்தபின் பாருங்கள்: ஒவ்வொருவர் வாயிலும் அந்தச் செத்த மனிதன் வேறு வேறு ஆளாக எழுந்து நடமாடுவான். அதே பாலச்சந்தரின் ‘நடு இரவில்’ 1970-இல் வந்தது. ஒரு தீவு, ஒரு பெரிய வீடு, உறவினர் கூட்டம், விழும் பிணங்கள். அவ்வளவுதான், போதும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்தார் கோபித்துக்கொள்வார்கள். 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த உறவில் எங்களுக்கு அது சொந்த ஊர் ஸ்டூடியோ. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை வைத்து 1950-இல் அவர்கள் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் நம்பியார் வேடம் மாற்றி வேடம் போட்டுத் துப்பறிவார். பின்னாளில் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டையும் நான் பார்ப்பது பாசத்துக்காக. வில்லனின் பாதாள அறையில் சிவப்பு பல்பு மின்னினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அங்கே துப்பறிவதைவிடத் துரத்துவது அதிகம். சொம்பு எடுக்கிற கையைப் பார்க்க நேரமே தர மாட்டார்கள்.

வறுமையை மறைக்கும் வித்தை நம்முடையது மட்டுமல்ல. 1930, 40-களில் ஹாலிவுட்டின் சின்னஞ்சிறு கம்பெனிகள் இருந்த வட்டாரத்துக்கே ‘பாவர்ட்டி ரோ’, அதாவது வறுமைத் தெரு, என்று பட்டப்பெயர். 1945-இல் வந்த ‘டீடூர்’ அங்கே பிறந்தது. துப்பறியும் படமல்ல, குற்றக் கதை. அதில் நியூயார்க் தெருவைக் காட்டப் பணமில்லாமல் பனிமூட்டத்தைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். பார்க்கிறவனுக்கு அது கதாநாயகனின் மனம் மூடிக் கிடப்பதாகவே தோன்றும்.

ஆயா போய்ப் பல வருடமாகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாந்தோப்பு. சென்ற பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த அக்கா மகளை உட்காரவைத்து ‘அந்த நாள்’ போட்டேன். பாட்டே வராதா மாமா என்று முதலில் சலித்துக்கொண்டாள். இருபதாவது நிமிடத்தில் நானே நிறுத்தினேன். “யார்?” என்றேன். “எதற்கு நிறுத்தினீர்கள், ஓடட்டும்” என்றாள். சொன்னால்தான் ஓடும் என்றதும் யோசித்து, “அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். போலீசிடம் சொல்ல அவர் ஏன் இப்படி ஓட வேண்டும்?” என்றாள். ஒரு பன்னீர் சோடா பந்தயம் கட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன்.